ரேஷன் கடையைக் கண்காணிப்பது எப்படி? எண்ணிக்கையும் பேச்சும் சேர்த்துத் தரவு திரட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ரேஷன் கடை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கடை வாசலுக்குத்தான் போகிறார்கள். வரிசையில் நிற்பவர்களிடம் "சரியாப் போடுறாங்களா?" என்று கேட்கிறார்கள். "பரவாயில்லைங்க" என்று பதில் வரும். அதை வைத்து அறிக்கை எழுதினால் அது கடையைப் பற்றிய அறிக்கை ஆகாது. வரிசையில் நிற்பவர் அட்டை உள்ளவர், கைரேகை விழுபவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வர முடிந்தவர். உரிமை கிடைக்காதவர் அந்த வரிசையிலேயே இல்லை. அவரைத் தேடிப் போவதுதான் கண்காணிப்பில் பாதி வேலை.

அரசுக் கொள்கை எதையும் இப்படிக் கண்காணிக்கலாம். சத்துணவு, முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் என்று எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான். இங்கே பொது விநியோகத் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கின்றன. வறுமைக்கோட்டைப் பார்க்காமல் பெரும்பாலானோருக்கும் அரிசி தரும் மாநிலம் இது. 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் தருகிறது. தெருவுக்குத் தெரு தெரிந்த விஷயம் என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழகிக்கொள்ள ஏற்றது.

முதலில் உரிமையைக் கேள்விகளாக உடையுங்கள்

"உணவுக்கான உரிமை நிறைவேறுகிறதா?" என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. சட்டம் என்ன தருவதாகச் சொல்லியிருக்கிறதோ அதைத் துண்டு துண்டாக எழுதிக்கொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. தமிழ்நாடு இந்தச் சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்காரர்களுக்கும் மாநில அரசு தன் செலவில் தொடர்ந்து தருகிறது. இதற்கு மேல் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, உரிமையை அளக்கும் குறிகாட்டிகளை மூன்றாகப் பிரிக்கிறது: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. ரேஷன் கடை மொழியில் சொன்னால், விதி இருக்கிறதா, அந்த விதிப்படி வேலை நடக்கிறதா, கடைசியில் அரிசி வீட்டுக்கு வந்ததா. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் தருவது அதன் நோக்கம். அரசாணை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வாகனம் உங்கள் தெருவுக்கு வந்ததா என்பது இரண்டாவது. படுக்கையில் கிடக்கும் பாட்டி பேரனை அனுப்பாமல் அரிசி வாங்க முடிந்ததா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் காகிதம் போதும், இரண்டாவதற்கு எண்ணிக்கை வேண்டும். மூன்றாவதற்குப் பாட்டியிடம்தான் பேச வேண்டும்.

ஒரு சுற்றுக்கு நான்கைந்து உரிமைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் கேட்கப்போய் எதையும் உருப்படியாகக் கேட்காமல் திரும்பிய ஆய்வுகள் ஏராளம்.

அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்கள்

வீடு வீடாகப் போவதற்கு முன்னால், அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பாருங்கள். கடையின் தகவல் பலகையில் இருப்பு, விலை, வேலை நேரம் எழுதியிருக்க வேண்டும். அதைத் தேதியோடு படமெடுங்கள். பொது விநியோகத் திட்ட ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே சொல்கிறது.

கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடை எண்ணைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்கு மாதவாரியாக ஒதுக்கீடு, கிடங்கிலிருந்து வரவு, விற்பனை, இருப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பெயர்ப் பட்டியல் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்க வாய்ப்பு அதிகம். மொத்தக் கணக்கைக் கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை. பலர் கவனிக்காத ஒன்று: இந்தச் சட்டத்தின் 2(ஒ) பிரிவு ஆவணத்தை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. புழுத்த அரிசி என்று வாதாடுவதைவிட அதன் மாதிரியைக் கேட்பது மேல்.

இந்த எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். இவை ஒரு தரப்பின் வாக்குமூலம். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் அன்றைய பாலி மாவட்டத்துக் கோட்கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு நடத்திய முதல் மக்கள் விசாரணையில் நடந்ததும் இதுதான். அரசுப் பணிகளின் ஆவணங்களை ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களே எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுந்து சொன்னார்கள். அலுவலகத் தாளும் ஊரார் வாக்கும் ஒரே இடத்தில் எதிரெதிராக நின்றபோதுதான் ஊழல் கண்ணுக்குத் தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் அந்த மண்ணிலிருந்துதான் வளர்ந்தது.

எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிவிட்ட பானைக்குத்தான் பொருந்தும். ஊர் அப்படிக் கலந்து கிடப்பதில்லை. ஊர்த்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு, செங்கல் சூளையில் வெளியூர்க் குடும்பங்கள். தெரிந்த முகங்கள் உள்ள தெருவில் இருபது வீடு கேட்டுவிட்டு வந்தால் அந்தத் தெருவின் கதைதான் கிடைக்கும்.

எளிய வழி இது. கடையில் 480 அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களால் 60 வீடுகளுக்குப் போக முடியும். 480-ஐ 60-ஆல் வகுத்தால் 8. எட்டு வீட்டுக்கு ஒரு வீடு. ஊர் வரைபடம் போட்டு, தெரு வரிசைப்படி அட்டை உள்ள வீடுகளுக்கு எண் கொடுங்கள். 1 முதல் 8 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 5 வந்தால் 5, 13, 21, 29 என்று போய்க்கொண்டே இருங்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். கூடாது. பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் வேலைக்குப் போகும் வீடு, அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில் கடைக்குப் போக முடியாத வீடு. இரவு ஏழு மணிக்குத் திரும்பப் போங்கள், முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

60 வீட்டுக் கணக்கில் கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து பத்துப் பன்னிரண்டு புள்ளி வரை அங்கே இங்கே இருக்கலாம். ஊரளவில் பேச அது போதும். 15 சதவீதமா 17 சதவீதமா என்று சண்டை போட மட்டும் போதாது.

அட்டையே இல்லாதவர்கள் இந்தப் பட்டியலுக்குள் வரவே மாட்டார்கள். அதனால் அட்டையைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்து இன்னொரு பட்டியலும் போடுங்கள். தனித்துச் சமைக்கும் மகன் குடும்பம், கணவனைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கும் பெண், திருநங்கைகள், சூளையில் தங்கியிருப்பவர்கள் ஆகியோரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். ஆனால் அந்தக் கணக்கைத் தனித் தாளில் வையுங்கள். குலுக்கலில் வந்த 60 வீட்டோடு இதைச் சேர்த்துச் சதவீதம் போட்டால் இரண்டு கணக்குமே கெடும்.

வினாத்தாள்: பேசுகிற மாதிரிக் கேளுங்கள்

"தங்கள் குடும்பத்திற்கு அத்தியாவசியப் பொருட்கள் முறையாக வழங்கப்படுகின்றனவா?" என்று அச்சடித்த தாளிலிருந்து படித்தால் "வழங்கப்படுது" என்றுதான் பதில் வரும். வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

"போன மாசம் அரிசி வாங்குனீங்களா? எத்தனை கிலோ?"

"அதுக்கு எத்தனை தடவை கடைக்கு நடந்தீங்க?"

"மொத்தம் எவ்வளவு காசு கொடுத்தீங்க? உப்பு, டீத்தூள், சோப்புன்னு வேற ஏதாவது சேர்த்து வாங்கச் சொன்னாங்களா?"

"போனுக்கு மெசேஜ் வந்துச்சா? கொஞ்சம் காட்ட முடியுமா?"

நான்கு கேள்வியிலும் "வழக்கமா" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கத்தைக் கேட்டால் அபிப்பிராயம் வரும், போன மாதத்தைக் கேட்டால் நடந்தது வரும். "கடைக்காரர் எடையைக் குறைக்கிறாரா?" என்று கேட்பது பதிலை நாமே வாயில் ஊட்டுவது. எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; குறைந்ததா இல்லையா என்பது அட்டை வகையோடு ஒப்பிட்டால் தெரியும். பதில் கட்டங்களில் "தெரியாது", "பொருந்தாது", "சொல்ல விரும்பவில்லை" மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். சொல்ல விரும்பாதவர்கள் ஒரே தெருவில் குவிந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

தரத்தைப் பற்றிக் கேட்பதில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. "அரிசி நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "அந்த அரிசியை என்ன பண்ணுனீங்க?" என்று கேளுங்கள். சோறாக்கினோம், இட்லிக்குப் போட்டோம், மாவு அரைத்தோம், கோழிக்குப் போட்டோம் என்று பதில் வரும்போது தரமும் வந்துவிடும். விற்றுவிட்டோம் என்றும் சிலர் சொல்வார்கள். ரேஷன் அரிசியை விற்பது குற்றம் என்று அவர்களுக்கும் தெரியும். உங்களை நம்பிச் சொன்னது அது. அந்தப் பதில் யார் வீட்டுடையது என்று பின்னால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி பதிவு செய்யுங்கள்.

வேறு தெருவில் ஐந்து வீட்டில் வினாத்தாளை ஓட்டிப் பார்த்து, தடுமாற வைக்கும் கேள்விகளைத் திருத்திய பிறகுதான் நகல் எடுக்க வேண்டும்.

எடையை நீங்களே பாருங்கள்

வாங்கி வந்த அன்றே வீட்டில் எடை பார்ப்பதைப் போல வலுவான சான்று வேறில்லை. தொங்கு தராசு ஒன்று போதும். காலையில் கிளம்பும்போது அச்சிட்ட எடையுள்ள ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தொங்கவிட்டுத் தராசு சரியா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். பாதி அரிசி ஏற்கெனவே உலைக்குப் போயிருந்தால் அந்த வீட்டில் எடை பார்க்க வேண்டாம்.

குறைகிற ஒவ்வொரு கிலோவும் விற்பனையாளர் பைக்குத்தான் போகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவரிடமும் பேச வேண்டும். கிடங்கிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைகிறது என்பது விற்பனையாளர் சங்கங்களின் நெடுநாள் புகார். சாக்கின் எடை, சிந்துவது, எலி தின்பது என்று எல்லாம் அவர் தலையில் விழுகிறது. தணிக்கையில் குறைந்தால் அபராதமும் அவருக்கே. அவர் அதைக் கடைசி அட்டைக்காரர் தலையில் இறக்குகிறார். இது நியாயம் என்று சொல்ல வரவில்லை. கடையை மட்டும் அளந்தால் கிடங்கு தப்பித்துவிடும் என்கிறேன். முடிந்தால், மூட்டை இறங்கும் நாளில் அனுமதி கேட்டு, பிரிக்காத சில மூட்டைகளையும் எடை பாருங்கள்.

பேச்சைத் திரட்டுவது

வினாத்தாள் எத்தனை பேருக்கு என்று சொல்லும். ஏன் என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். 60 வீட்டில் எட்டுப் பத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள்: முழுதாகக் கிடைத்த வீடு, ஒன்றுமே கிடைக்காத வீடு, பதில் முரணாக இருந்த வீடு. விற்பனையாளர், எடையாளர், ஊராட்சி உறுப்பினர், மகளிர் குழுத் தலைவி ஆகியோரிடமும் தனித்தனியே பேசுங்கள்.

"கடைக்குப் போன அந்த நாள் என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க" என்பது ஒரு நல்ல தொடக்கம். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பழகக் கொஞ்ச நாள் ஆகும். கல் உடைத்தோ துணி துவைத்தோ ரேகை தேய்ந்துபோன ஒருவர், இயந்திரத்தில் விரலை மாற்றி மாற்றி வைத்தது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தது, "ஆதார் மையத்துக்குப் போய் அப்டேட் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பப்பட்டது, பஸ் செலவு, மறுபடி விழாதது என்று வரிசையாகச் சொல்வார். வினாத்தாளில் இது "கைரேகைப் பிரச்சினை: ஆம்" என்ற ஒரு குறிதான். விதியில் மாற்று வழி இருந்தும் அது அவருக்குச் சொல்லப்படவில்லை என்பது பேச்சில்தான் வெளிவரும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்; "பயனாளி அதிருப்தி தெரிவித்தார்" என்று மாற்றி எழுதினால் கையில் இருந்த சான்றைத் தூக்கிப் போட்டதாகிவிடும்.

குழுவாகப் பேசினால் ஆறிலிருந்து பத்துப் பேர். பெண்களைத் தனியாக, காலனி மக்களைத் தனியாக, அவர்கள் இடத்திலேயே. ஊர்ப் பொதுமேடையில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். குழுவில் எத்தனை பேர் ஒன்றைச் சொன்னார்கள் என்று எண்ணிச் சதவீதம் போடாதீர்கள். அதற்கு அது உகந்த கருவி அல்ல.

ஒப்புதலும் பாதுகாப்பும்

நாளைக்கும் அதே கடையில்தான் அவர் அரிசி வாங்க வேண்டும். இதை மறந்த ஆய்வாளர் எத்தனை நல்லவராக இருந்தாலும் ஆபத்தானவர். யார் நீங்கள், எதற்குக் கேட்கிறீர்கள், பதில் சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, சொன்னாலும் உடனே ஒன்றும் கிடைத்துவிடாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். கையில் தாளோடு வருகிறவர் ஏதோ சலுகை தரப்போகிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

ஆதார் எண், கைபேசி எண், அட்டை எண் எதையும் எழுதாதீர்கள். வீட்டுக்கு ஒரு குறியீடு கொடுங்கள்; குறியீட்டையும் முகவரியையும் இணைக்கும் தாள் வேறொருவரிடம் பூட்டியிருக்கட்டும். மெசேஜைப் படமெடுத்தால் எண்களை மறைத்த பிறகே சேமியுங்கள். சிறு குடியிருப்பில் "கணவனை இழந்த, பார்வையற்ற பெண்" என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

கணக்குப் போடுவது, பிறகு எதிரெதிரே வைப்பது

60 வீட்டில் 9 வீட்டுக்கு அளவு குறைந்தது என்று வைத்துக்கொள்வோம்: 15 சதவீதம். பிரித்துப் பாருங்கள். ஊர்த்தெருவில் 40 வீட்டுக்கு 3, காலனியில் 20 வீட்டுக்கு 6. ஒன்று 7.5 சதவீதம், மற்றொன்று 30. சராசரிக்குள் ஒளிந்திருந்தது பாகுபாடு. சதவீதம் எழுதும்போதெல்லாம் எத்தனை வீட்டில் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். 20 வீட்டில் 30 சதவீதம் என்பது ஆறு வீடு என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இனி அலுவலக எண்ணையும் வீட்டு எண்ணையும் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாமாயில் ஏறக்குறைய எல்லோருக்கும் விற்றதாகப் பதிவு காட்டுகிறது, ஆனால் உங்கள் கணக்கில் பல வீடுகள் வாங்கவில்லை என்கின்றன. உடனே "திருட்டு" என்று எழுதாதீர்கள். பேச்சுத் தாள்களைப் புரட்டுங்கள். வீட்டில் வேறொருவர் வாங்கி வந்ததைப் பதில் சொன்னவர் அறியாமல் இருந்திருக்கலாம். "பில் போட்டுடறேன், எண்ணெய் வந்ததும் வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லி, பிறகு வராமலே போயிருக்கலாம். வாங்காத பொருளுக்கு மெசேஜ் மட்டும் வந்திருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. இந்த முரண்களில்தான் புதிய விஷயம் கிடைக்கும். மூன்று தரவும் அழகாக ஒத்துப்போனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமே வரும்.

யாரிடம் கொண்டுபோவது?

முதலில் தகவல் தந்தவர்களிடம். காலனியிலும் ஊரிலும் முடிவுகளை வாய்மொழியாகச் சொல்லி, "இது சரியா?" என்று கேளுங்கள். பிறகு விற்பனையாளரிடம், அவர் பதிலையும் அறிக்கையில் சேருங்கள். அதன் பிறகு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற, சபை கூடும் நாள்களை மனதில் வைத்து வேலையைத் திட்டமிடுங்கள். இரண்டு பக்கத் தாளும் ஒரு பெரிய அட்டவணையும் போதும், நாற்பது பக்கம் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

தனிப்பட்ட குறைகளை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலோ 1967 என்ற உதவி எண்ணிலோ பதியுங்கள், ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள். முறைமைக் குறைகளை வட்ட வழங்கல் அலுவலர், மாவட்ட வழங்கல் அலுவலர், அதற்கும் மேலே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் மாவட்டக் குறைதீர் அலுவலர், மாநில உணவு ஆணையம் என்று எடுத்துச் செல்லலாம். மக்கள் சேர்ந்து திட்டத்தைக் கண்காணிக்கும் சமூகத் தணிக்கை பற்றி இந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு பேசுகிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். பொருள் தரப்படாதபோது உணவுப் பாதுகாப்புப் படித்தொகை கோரும் உரிமை 8-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு.

இரண்டாவது சுற்று

ஒரு சுற்று படம்தான் காட்டும், மாற்றத்தைக் காட்டாது. ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், அதே முறையில் குலுக்கி எடுத்த வீடுகளில் கேளுங்கள். இடையில் விற்பனையாளர் மாறினாரா, பகுதிநேரக் கடை முழுநேரக் கடை ஆனதா, தராசைப் புதிதாக பி.ஓ.எஸ். என்னும் விற்பனைப் பதிவுக் கருவியோடு இணைத்தார்களா என்று முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த மாற்றத்தின் பலனை உங்கள் மனுவின் பலன் என்று எண்ணிவிடுவீர்கள். முதல் சுற்று ஜூன் என்றால் இரண்டாவதை டிசம்பரில் முடித்துவிடுங்கள். ஜனவரி வேண்டாம், பொங்கல் தொகுப்புக்காகக் கடையில் கூட்டம் அலைமோதும், எந்தக் கணக்கும் சாதாரண மாதத்தோடு ஒட்டாது.